அண்ணாவுக்கும் எனக்கும் ஒரே வருத்தம், ஆனால் ஒரே மாதிரி இல்லை

எங்கள் குடும்பத்தில் முடக்கு வாதம் இரண்டு பேருக்கு இருக்கிறது. ருமற்றொயிட் ஆத்திரைட்டிஸ் (ஆர்ஏ) என்று சொல்கிற இது, உடம்பின் நோயெதிர்ப்பே மூட்டுகளைத் தாக்கி வீங்க வைக்கிற வருத்தம். முதலில் எனக்கு வந்தது, பல வருசம் கழித்து அண்ணாவுக்கு. நான் யாழ்ப்பாணத்தில் கோப்பாய்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். அண்ணா புன்னாலைக்கட்டுவனில் தோட்டம் செய்கிறவர், புகையிலையும் வெங்காயமும். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள், ஒரே கிளினிக், இரண்டு கிளினிக் கொப்பியிலும் கிட்டத்தட்ட ஒரே மருந்துப் பெயர்கள். அதனால் எனக்கு நடந்ததுதான் அவருக்கும் நடக்கும், எனக்குச் சரிவந்த மருந்து அவருக்கும் சரிவரும், அவர் சுகப்பட்ட வேகத்தில் நானும் சுகப்பட்டிருக்க வேண்டும் என்று வீட்டில் எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். "கொண்ணருக்கு ஆறு மாதத்திலே கை நிமிர்ந்திட்டுது, உனக்கு மட்டும் ஏன் இழுபடுது?" என்று சொந்தக்காரர் கேட்கும்போது, ஏதோ நான் வேண்டுமென்று வருத்தத்தைப் பிடித்து வைத்திருப்பது போலத்தான் இருக்கும். இந்த வருத்தம் பெண்ணுக்கும் ஆணுக்கும் வருகிற வயதும் வழியும் வேறு, காட்டுகிற முகமும் வேறு, கவனிக்காமல் விட்டால் கொண்டுபோய் விடுகிற ஆபத்தும் வேறு. அதைத் தெரிந்திருந்தால் கிளினிக்கில் கேட்க வேண்டிய கேள்விகளும் வேறாகும். அதனால்தான் எழுதுகிறேன்.

பொதுவான கணக்கைச் சொல்லிவிடுகிறேன். முடக்கு வாதம் உலகத்தில் நூறு பேரில் ஒருவருக்கு, அல்லது அதைவிடக் கொஞ்சம் குறைவான பேருக்கு வருகிறது. ஓர் ஆணுக்கு வந்தால் இரண்டு மூன்று பெண்களுக்கு வருகிறது. பெண்களுக்குக் கூடுதலாகத் தொடங்குவது நாற்பதுகளின் நடுவிலிருந்து ஐம்பதுகளின் நடுவரை, அதாவது மாதவிடாய் நிற்கிற காலத்தையொட்டி. ஆண்களுக்கு இளம் வயதில் அரிது, வயது போகப் போகக் கூடும், அறுபதுக்கு மேல் தொடங்குகிறவர்களைப் பார்த்தால் ஆண் பெண் வித்தியாசம் நன்றாகவே குறைந்துவிடும். கிளினிக் வாங்கில் போய் இருந்து பாருங்கள், பெண்கள்தான் நிறைய. ஆண்கள் இருந்தால் அனேகமாகத் தலை நரைத்தவர்கள்.

1800இல் பாரிஸில் லாண்ட்ரே-போவே என்ற இளம் மருத்துவர் இந்த நோயை முதன்முதலில் தனியாகப் பிரித்து எழுதியபோது அவர் விவரித்த ஒன்பது நோயாளிகளும் பெண்களே. அவர் இருந்த சல்பெத்ரியேர் பெண்களுக்கான வைத்தியசாலை என்பதையும் சேர்த்துத்தான் இதைப் பார்க்க வேண்டும். பிற்காலத்தில் இது பெண்களின் வருத்தம் என்ற எண்ணம் ஊன்றிப்போய்விட்டது. ஆண்களுக்கு வராது என்று நினைக்கிறவர்கள் ஓவியர் ரெனுவாரைப் பார்க்கட்டும். ஐம்பது வயதளவில் வருத்தம் தொடங்கி, விரல்கள் மடங்கி, கைக்குத் துணி சுற்றி, தூரிகையை இன்னொருவர் எடுத்துக் கையில் வைத்துவிட, 1919இல் இறக்கும்வரை வரைந்துகொண்டே இருந்தார்.

எனக்குத் தொடங்கியது இரண்டாவது பிள்ளை பிறந்து சில மாதத்தில். 2006 கடைசி. யாழ்ப்பாணத்துக்கு வருகிற ஏ-9 பாதை போரால் பூட்டியிருந்த காலம், அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசை, மருந்துக்கும் தட்டுப்பாடு. அந்த நேரம் பார்த்து யாழ்ப்பாணத்தில் சிக்குன்குனியா பரவியது. காய்ச்சல் வந்து போன பிறகு வீட்டுக்கு வீடு ஆட்கள் குனிந்தபடி நடந்தார்கள், கை கால் மடக்க முடியாமல் இருந்தார்கள். எனக்கும் காய்ச்சல் வந்தது. அதனால் என் விரல் மொழிகள், அதாவது விரல் மூட்டுகள், வீங்கியபோது ஒருவரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை, நானும் ஊரோடு ஒத்த வருத்தம் என்றுதான் இருந்தேன். ஆனால் மற்றவர்களுக்குக் கிழமைகளிலும் மாதங்களிலும் குறைந்துகொண்டு போனது, எனக்குக் கூடிக்கொண்டு போனது. காலையில் எழும்பினால் இரண்டு கையும் பொத்த முடியாது. பிள்ளையைத் தூக்கினால் மணிக்கட்டு விடாது. பள்ளிக்கூடம் திரும்பிப் போனபோது வெண்கட்டி பிடிக்க முடியவில்லை, கரும்பலகையில் ஒரு வரி எழுதினால் கீழே விழுந்துவிடும்.

அம்மாவுக்கு அவருடைய விளக்கம் இருந்தது. "பிள்ளை, நீ பத்தியச் சரக்கு ஒழுங்காய்ச் சாப்பிடேல்லை, பச்சை உடம்போட கிணத்தடியிலே நிண்டு தோய்ச்சனீ, அதுதான் வாயு ஏறிட்டுது." பிள்ளை பெற்ற உடம்பு என்றால் எங்கள் ஊரில் எதற்கும் இதுதான் பதில். அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன், அவர் தன் தாயிடம் கேட்டதைச் சொன்னார். எனக்குக் கோபம் வந்தது ஒரு தனியார் கிளினிக்கில் இருந்த மருத்துவர் மேல்தான். கையைத் தொட்டுப் பார்க்காமலே "பால் குடுக்கிற களைப்பு, நித்திரை இல்லை, வேறொண்டும் இல்லை" என்று நோவுக் குளிசை எழுதித் தந்து அனுப்பிவிட்டார். இளம் தாய்மார் யாருக்கும் இந்தப் பதில் கிடைத்தால், கையை நீட்டி, வீங்கிய மொழியைக் காட்டி, "இதைத் தொட்டுப் பாருங்கோ டொக்டர்" என்று வாய் திறந்து கேளுங்கள். பிள்ளை பிறந்த பிறகு வருகிற முதல் வருசம்தான் பெண்களுக்கு முடக்கு வாதம் தொடங்கும் வாய்ப்பு கூடுகிற காலங்களில் ஒன்று. களைப்பால் மொழி வீங்காது.

ஏன் பெண்களுக்கு இவ்வளவு என்பதற்கு இன்னும் ஒரே ஒரு பதில் கிடையாது, பல காரணங்கள் சேர்ந்து வேலை செய்கின்றன. நோயெதிர்ப்பு சம்பந்தமான பல மரபணுக்கள் எக்ஸ் குரோமோசோமில் இருக்கின்றன. பெண்களுக்கு அது இரண்டு, அதில் ஒன்றை உடம்பு ஒவ்வொரு கலத்திலும் அணைத்து வைக்கிறது, ஆனால் முழுதாக அணைவதில்லை. 2024இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள், அப்படி அணைக்கிற வேலையைச் செய்யும் எக்ஸிஸ்ட் (Xist) என்ற ஆர்என்ஏ மூலக்கூறும் அதோடு ஒட்டிய புரதங்களுமே தன்னுடலைத் தானே தாக்கும் நோய்களுக்குத் தூண்டுதலாகலாம் என்று எலிகளில் காட்டினார்கள். அதோடு ஹோர்மோன் இருக்கிறது. கர்ப்பத்தில் ஏறி, பிள்ளைப்பேறோடு சடாரென்று விழுந்து, பிறகு ஐம்பது வயதளவில் திரும்பவும் இறங்குகிற ஈஸ்ட்ரஜன். எனக்கு முதல் தடவை வருத்தம் வந்ததும் பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு, அடங்கிக் கிடந்தது திரும்ப எழும்பியதும் மாதவிடாய் நிற்கிற நேரம். என் உடம்பில் இந்த இரண்டும் சும்மா பொருந்திவந்தவை என்று நான் நினைக்கவில்லை.

கர்ப்பம் என்றதும் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் மேயோ கிளினிக்கில் இருந்த பிலிப் ஹென்ச் என்ற மருத்துவர், கர்ப்பமான பெண்களுக்கு முடக்கு வாதம் தானாகக் குறைவதைக் கவனித்து 1938இல் எழுதினார். உடம்பே ஏதோ ஒரு பொருளைச் சுரந்து வருத்தத்தை அடக்குகிறது என்று தேடிப் போனவர், கடைசியில் 1948இல் ஒரு பெண் நோயாளிக்குக் கோர்ட்டிசோன் கொடுத்துப் பார்த்தார். படுக்கையில் கிடந்தவர் சில நாட்களில் எழும்பி நடந்தார். 1950இல் ஹென்சுக்கும் இன்னும் இருவருக்கும் நோபல் பரிசு. நாங்கள் இன்று விழுங்குகிற பிரெட்னிசலோன் என்ற ஸ்டீரொய்ட் குளிசை அந்தத் தேடலின் வழியில் வந்தது. பிள்ளைத்தாய்ச்சிப் பெண்களின் கையைக் கவனித்துப் பார்த்ததால் கிடைத்த மருந்தை ஆண்களும் சாப்பிடுகிறார்கள் என்பதை நினைத்தால் எனக்குச் சந்தோசம்.

ஆனால் இதை நம்பி ஏமாந்த ஒரு பெண்ணைக் கிளினிக்கில் கண்டேன். வயிற்றில் பிள்ளை இருக்கும்போது நோ எல்லாம் போய்விட்டது, மாறிவிட்டது என்று எல்லாக் குளிசையையும் விட்டுவிட்டார், கிளினிக்குக்கும் வரவில்லை. பிள்ளை பிறந்து கொஞ்ச நாளில் முழங்கால் வீங்கி நடக்க முடியாமல் கணவர் ஓட்டோவில் கொண்டுவந்தார். பிற்காலத்தில் ஒழுங்காக அளந்து செய்த ஆய்வுகளின்படி, கர்ப்பத்தில் தெளிவாகக் குறைவது ஏறத்தாழப் பாதிப் பேருக்குத்தான். பிள்ளை பிறந்த முதல் சில மாதங்களில் பலருக்குத் திரும்பக் கிளம்புகிறது. அதனால் கர்ப்பமாக இருக்கும்போதே, பிறந்த பிறகு எந்த மருந்தை எப்போது தொடங்குவது, பால் கொடுத்துக்கொண்டு எதைச் சாப்பிடலாம் என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அதோடு, அந்த மாதங்களில் பிள்ளையைக் குளிக்க வார்க்க, தூக்க, இரவில் எழும்ப இன்னொரு சோடிக் கை வீட்டில் வேண்டும். அம்மாவோ மாமியோ கணவரோ, யார் என்பதை முன்கூட்டியே பேசி வையுங்கள்.

சரி, அண்ணாவின் கதைக்கு வருகிறேன்.

அண்ணாவுக்கு அறுபதை நெருங்கும்போது தொடங்கியது. இறைப்பு மிசின் கயிற்றை இழுத்து ஸ்டார்ட் பண்ண முடியவில்லை என்றார், மண்வெட்டிப் பிடி கையில் நிற்கவில்லை என்றார். எங்கள் மச்சாள், அவருடைய மனைவி, "தங்கச்சிக்கு வந்ததுதான் உங்களுக்கும், போய்க் காட்டுங்கோ" என்று சொல்லியும் அவர் கேட்கவில்லை. "அது பொம்பிளையளுக்கு வாற வருத்தம்" என்று விட்டார். கடைசியில் ஒருவரிடம் காட்டினார், அவர் இரத்தத்தில் யூரிக் அமிலம் கொஞ்சம் கூட என்று பார்த்து, ஆம்பிளை, கள்ளுக் குடிக்கிறவர், ஆகவே யூரிக் அமிலம் மூட்டில் படிந்து வருகிற கவுட் என்று முடிவு கட்டி, இறைச்சி மீன் பருப்பு எல்லாவற்றையும் மறித்து, அதற்கான குளிசையைக் கொடுத்தார். மாதக்கணக்கில் அதுதான். கவுட் ஆண்களுக்கு அதிகம் என்பது உண்மை. ஆனால் கவுட் பெரும்பாலும் ஒரு மூட்டில், அதிலும் காற்பெருவிரலில், ஓர் இரவில் நெருப்பாக வந்து சில நாளில் அடங்கும். அண்ணாவுக்கு இரண்டு கையிலும் ஒரே இடத்தில், விரல் மொழிகளிலும் மணிக்கட்டிலும், மெல்ல மெல்ல வந்து நின்றே விட்டது. காலையில் விறைப்பு விட ஒரு மணித்தியாலத்துக்கு மேல். முடக்கு வாதத்தைக் கண்டுபிடிக்க உதவுகிற அன்ரி-சிசிபி என்ற இரத்தப் பரிசோதனை செய்தபோது மிக அதிகமாக வந்தது. ஆண் பிள்ளைகள் யாருக்கும் யூரிக் அமிலம் கூடியிருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகக் கவுட் என்று சொன்னால், ஆர்எஃப் என்ற இன்னொரு இரத்தப் பரிசோதனையும் அன்ரி-சிசிபியும் பார்க்க வேண்டுமா என்று கேளுங்கள். இரண்டுமே இல்லை என்று வந்தாலும் முடக்கு வாதம் இருக்கலாம், வீக்கம் நின்றால் விடாமல் திரும்பிப் போங்கள்.

அண்ணா இளவயதிலிருந்தே சுருட்டுக் குடிக்கிறவர். புகையிலைத் தோட்டக்காரர், தன் தறையில் விளைந்ததைத் தானே சுற்றிப் பத்துவார். புகை பிடிப்பதற்கும் முடக்கு வாதத்துக்கும் உள்ள தொடர்பு நன்றாக நிரூபிக்கப்பட்டது, ஆண்களில் அது இன்னும் பலமாகத் தெரிகிறது. புகை நுரையீரலுக்குள் போய் அங்குள்ள சில புரதங்களை மாற்றிவிடுகிறது, உடம்பு அந்த மாறிய புரதங்களை அந்நியமாக நினைத்து எதிர்ப்பொருள் செய்கிறது, அந்த எதிர்ப்பொருளைத்தான் அன்ரி-சிசிபி அளக்கிறது. மூட்டு வீங்க முன்னமே, பல வருசத்துக்கு முன்னமே, இது இரத்தத்தில் இருக்கக்கூடும். டொக்டர் இதை விளங்கப்படுத்தியபோது அண்ணா ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்கு வந்து மச்சாளிடம் சுருட்டுப் பெட்டியை எடுத்து வை என்றார்.

மருந்து தொடங்கியதும் அவருடைய விரல்கள் சீக்கிரமாகவே மசிந்தன. எனக்கு வருசக்கணக்கில் எடுத்த முன்னேற்றம் அவருக்கு ஒரு போகத்துக்குள் வந்துவிட்டது. வீட்டில் எல்லாருக்கும் ஆறுதல். ஆனால் இருமல் இருந்தது, சளி இல்லாத வறட்டு இருமல், சைக்கிள் மிதித்தால் இளைப்பு. சுருட்டுக் குடித்தவருக்கு இருமல் வரும்தானே என்று ஒருவரும் யோசிக்கவில்லை, கிளினிக்கில் ஒரு இளம் டொக்டர் முதுகில் கருவியை வைத்துக் கேட்டு நெஞ்சு சிடி ஸ்கான் எடுக்கச் சொல்லும்வரை. நுரையீரல் திசு இறுகத் தொடங்கியிருந்தது. மூட்டைத் தாண்டி நுரையீரலைப் பிடிக்கிற இந்தச் சிக்கல் முடக்கு வாதம் உள்ள பெண்களை விட ஆண்களுக்கு அதிகம், புகைத்தவர்களுக்கும் அன்ரி-சிசிபி கூடியவர்களுக்கும் வயது போனவர்களுக்கும் இன்னும் அதிகம். அண்ணாவுக்கு இந்த நாலும் பொருந்தியது. தோலுக்குக் கீழே முழங்கையில் வருகிற கட்டிகளும் ஆண்களிடம்தான் கூடுதலாகப் பார்க்கிறார்கள். ஆகவே ஓர் ஆணுக்குக் கை நிமிர்ந்துவிட்டது என்றால் வருத்தம் முழுக்க அடங்கிவிட்டது என்று அர்த்தமில்லை. இருமலையும் இளைப்பையும் கிளினிக்கில் தனியாகச் சொல்ல வேண்டும், வாத வருத்தத்துக்கு வந்த இடத்தில் நெஞ்சைப் பற்றி ஏன் கதைக்க வேண்டும் என்று விடக்கூடாது.

கிளினிக்கில் எங்களை எப்படி அளக்கிறார்கள் என்பதைக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள், எனக்கு இதுதான் மிகவும் பிரயோசனப்பட்டது. டாஸ்28 என்று ஒரு புள்ளி போடுவார்கள். இருபத்தெட்டு மூட்டைத் தொட்டுப் பார்த்து எத்தனை நோகிறது, எத்தனை வீங்கியிருக்கிறது என்று எண்ணுவார்கள், அதோடு அழற்சியைக் காட்டுகிற இரத்தப் பரிசோதனையான ஈஎஸ்ஆர் அல்லது சிஆர்பி, அதோடு உங்கள் வருத்தம் இப்போது எவ்வளவு என்று நீங்களே ஒரு கோட்டில் காட்டுகிற அளவு. 2.6க்குக் கீழே என்றால் அடங்கியிருக்கிறது, 5.1க்கு மேலே என்றால் கடுமை. மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும் பெரும்பாலும் இதைப் பார்த்துத்தான். இந்தப் புள்ளி ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே மாதிரி விழுவதில்லை.

முதலில் ஈஎஸ்ஆர். வருத்தம் ஒன்றுமே இல்லாத பெண்களுக்கும் அது ஆண்களை விடக் கூடத்தான் இருக்கும். ஐம்பது வயதுக்கு மேல் ஆணுக்கு 20 வரை சாதாரணம் என்றால் பெண்ணுக்கு 30 வரை சாதாரணம். இரத்தசோகை இருந்தால் இன்னும் ஏறும், அது எங்கள் பெண்களிடம் குறைவா என்ன. ஆனால் கணக்குப் போடும் சூத்திரம் இரண்டு பேருக்கும் ஒன்றுதான். அடுத்தது நோ. பெண்களுக்கு இந்த வருத்தத்தோடு உடம்பு முழுக்க நோகிற ஃபைப்ரோமயல்ஜியா சேர்ந்து வருவதும் அதிகம், அப்போது தொடுகிற மூட்டெல்லாம் நோகும், வீக்கம் இராது. அதற்கு வாத மருந்தைக் கூட்டிப் பயனில்லை. அதனால் நான் எப்போதும் கேட்பது, "டொக்டர், நோகிற மூட்டு எத்தனை, வீங்கின மூட்டு எத்தனை, பிரிச்சுச் சொல்லுங்கோ" என்று. இந்த இரண்டுக்கும் பெரிய இடைவெளி இருந்தால் அது வேறு பேச்சு, நித்திரை, பயிற்சி, மனம் என்று போக வேண்டும்.

இன்னொன்று, அந்த இருபத்தெட்டில் பாதம் இல்லை. என் கால்விரல் அடிகள் வீங்கி, கல்லில் நடப்பது போல இருந்த காலத்திலும் புள்ளி நல்லாக வந்தது. பெண்களோ ஆண்களோ, செருப்பைக் கழற்றிக் காலைக் காட்டுங்கள்.

அண்ணாவுக்கு நடந்தது மறுபக்கம். கோட்டில் எங்கே இருக்கிறது என்று கேட்டால் அவர் எப்போதும் அடியில்தான் விரலை வைப்பார். "பரவாயில்லை டொக்டர்." வீட்டில் சேட்டுப் பொத்தான் மச்சாள்தான் பூட்டிவிடுகிறார், அங்கே பரவாயில்லை. ஆண்களிடம் இது அப்படியே ஊறிப்போன பழக்கம், நோவைச் சொன்னால் ஆண்மை குறைந்துவிடும் என்று யாரோ சின்ன வயதில் சொல்லி வைத்திருக்கிறார்கள். இப்போது மச்சாளும் கூடவே உள்ளே போகிறார். அவர் சொல்கிறார், எந்தெந்த வேலையை இவர் விட்டுவிட்டார் என்று. ஆண்களுக்கு வருத்தம் என்றால் மனைவியையோ மகளையோ கிளினிக் அறைக்குள் கூட்டிக்கொண்டு போவதை விட நல்ல யோசனை எனக்குத் தெரியாது.

2009இல் வெளியான குவெஸ்ட்-ஆர்ஏ என்ற ஆய்வில் 25 நாடுகளில் ஆறாயிரம் நோயாளிகளை எடுத்துப் பார்த்தார்கள். நோ, வீக்கம், ஈஎஸ்ஆர், அன்றாட வேலை, எல்லா அளவிலும் பெண்கள் மோசமாகத்தான் வந்தார்கள். அதில் எவ்வளவு வருத்தத்தின் கடுமை, எவ்வளவு அளக்கிற முறை என்பதையும் அதிலேயே கேட்டிருந்தார்கள். சுகமாக இருக்கிற காலத்திலேயே பெண்ணின் கைப்பிடிப் பலம் ஆணுடையதை விடக் குறைவு, அதனால் இரண்டு பேருக்கும் ஒரே அளவு பலம் போனாலும் பெண்ணுக்குத்தான் முதலில் போத்தல் மூடி திறக்க முடியாமல் போகிறது. என்னைக் கேட்டால் வேலையின் கனத்தையும் இதில் சேர்க்க வேண்டும். தேங்காய் திருவுவது, இடியப்ப உரலைத் திருகிப் பிழிவது, கிணற்றில் அள்ளுவது, ஈரச் சேலையை முறுக்கிப் பிழிவது, நாலும் மணிக்கட்டையும் பெருவிரலையும் உருக்குகிற வேலைகள், நாலும் பெண்ணுக்கு வருத்தம் வந்த பிறகும் பெண்ணின் வேலைகளாகவே இருக்கின்றன. அண்ணா மண்வெட்டியைக் கீழே வைத்ததும் கூலிக்கு ஆள் பிடித்தார்கள். நான் திருவலையை விட்டு எழும்ப வருசங்கள் போயின. இன்று என் கணவர்தான் தேங்காய் திருவுகிறார், இடியப்பம் கடையில் வாங்குகிறோம், சமைத்த சட்டியை ஒரு கையால் தூக்காமல் இரண்டு உள்ளங்கையிலும் ஏந்தி இறக்குகிறேன். குளிசையைப் போலவே இதுவும் சிகிச்சைதான் என்று எங்கள் ஆஸ்பத்திரியில் கை வேலைப் பயிற்சி சொல்லித்தந்தவர் சொன்னார். அதை வீட்டு ஆண்கள் முன்னால் அவரைக் கொண்டே சொல்லுவித்தேன்.

இனி மருந்து, பிள்ளை, கலியாணம். இதை வெளியில் கதைக்க எங்கள் ஊரில் கூச்சம், அதனால்தான் ஆபத்து.

மெதோட்ரெக்ஸேட் என்ற குளிசைதான் பெரும்பாலானவர்களுக்கு முதல் மருந்து. கிழமைக்கு ஒரு நாள் மட்டும், ஒருபோதும் தினமும் அல்ல, தினமும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. நான் வெள்ளி இரவு, அடுத்த நாள் பள்ளிக்கூடம் இல்லை என்பதால். அந்தக் கிழமை நாளைக் கொப்பியிலும் கலண்டரிலும் எழுதி வையுங்கள். இந்த மருந்து வயிற்றில் இருக்கிற சிசுவைப் பாதிக்கும். எனவே பெண்கள் பிள்ளைக்கு ஆயத்தமாகும்போது ஒன்று முதல் மூன்று மாதத்துக்கு முன்னமே டொக்டரோடு கதைத்து நிறுத்த வேண்டும், அதுவரை நம்பகமான கர்ப்பத் தடை வேண்டும். லெஃப்ளூனமைட் என்ற இன்னொரு வாதக் குளிசை என்றால் இன்னும் கவனம், அது உடம்பில் நீண்ட காலம் தங்கும், அதை வெளியேற்றத் தனி மருந்தே கொடுக்கிறார்கள். ஹைட்ரொக்சிகுளோரோகுயின், சல்ஃபாசலசின் என்ற வேறு இரண்டு வாதக் குளிசைகள் கர்ப்பத்திலும் தொடரக்கூடியவை. அதாவது வழி இருக்கிறது, ஆனால் முன்கூட்டியே கேட்டால்தான் இருக்கிறது.

எங்கள் பக்கம் ஒரு பெண்பிள்ளைக்குக் கலியாணம் பேசும்போது வருத்தத்தை மறைத்தே செய்து வைத்தார்கள். கலியாணத்துக்குப் பிறகு கணவர் வீட்டாருக்குத் தெரியாமல் குளிசை சாப்பிட வேண்டிய நிலை, கிளினிக்குக்கு வர முடியாது, கர்ப்பத் தடை பற்றிக் கணவரோடு கதைக்க முடியாது. நல்ல காலம், அந்தப் பிள்ளை துணிந்து கணவரிடம் சொன்னாள், அவரும் விளங்கிக்கொண்டு அடுத்த கிளினிக்குக்குத் தானே கூட்டிவந்தார். பெற்றோர் தயவுசெய்து இதை யோசியுங்கள். மறைப்பது பிள்ளையின் மானத்தைக் காப்பாற்றாது, அவளை மருந்திலிருந்து பிரித்துவிடும்.

ஆண்களுக்கும் ஒன்று. சல்ஃபாசலசின் விந்தணு எண்ணிக்கையைக் குறைக்கும். மருந்தை நிறுத்தினால் இரண்டு மூன்று மாதத்தில் சீராகும். பிள்ளை இல்லை என்றால் எங்கள் ஊரில் முதலில் பெண்ணைத்தான் டொக்டரிடமும் கோயிலுக்கும் அனுப்புவார்கள். கணவர் இந்தக் குளிசை சாப்பிடுகிறாரா என்று முதலில் பாருங்கள், ஆனால் தானாக நிறுத்தாமல் கிளினிக்கில் கேட்டு மாற்றுங்கள். மெதோட்ரெக்ஸேட் சாப்பிடுகிற ஆண்கள் பிள்ளைக்காக அதை நிறுத்தத் தேவையில்லை என்றுதான் அண்மைக்கால வழிகாட்டல்கள் சொல்கின்றன, அதையும் உங்கள் டொக்டரிடமே உறுதிப்படுத்துங்கள். ஆண்கள் நிறுத்த வேண்டியது கள்ளையும் சாராயத்தையும். மெதோட்ரெக்ஸேட்டும் குடியும் சேர்ந்தால் ஈரல் தாங்காது, அதற்குத்தான் அடிக்கடி இரத்தம் எடுக்கிறார்கள்.

எலும்புத் தேய்வு இரண்டு பேருக்கும் வரும். மாதவிடாய் நின்ற பெண் பிரெட்னிசலோனும் சாப்பிட்டால் எலும்பு வேகமாக மெலியும், அது பலருக்குத் தெரியும். அதே குளிசையை வருசக்கணக்கில் சாப்பிடுகிற ஆணின் எலும்பை ஒருவரும் பார்ப்பதில்லை. கேளுங்கள். பெண்களுக்குக் கண்ணும் வாயும் உலர்வது கூடுதல். எனக்குப் புட்டு தொண்டையால் இறங்காமல் போனபோதுதான் அதைக் கண்டுபிடித்தார்கள், இப்போது கண்ணுக்குத் துளி மருந்து விடுகிறேன், ஹைட்ரொக்சிகுளோரோகுயினுக்காக விழித்திரைப் பரிசோதனையும் தனியாகச் செய்கிறார்கள். சித்த வைத்தியத்துக்குப் போகிறவர்கள் பதிவு பெற்ற இடத்துக்குப் போங்கள், இரண்டு பக்கமும் மற்றப் பக்கத்து மருந்தைச் சொல்லுங்கள். பெயர் ஒட்டாத தூளும் குளிசையும் யார் தந்தாலும் வேண்டாம், அப்படியானவற்றில் ஸ்டீரொய்ட் கலந்திருந்த சம்பவங்கள் பல நாடுகளில் பிடிபட்டிருக்கின்றன.

என் மகளுக்கும் மகனுக்கும், அண்ணாவின் பிள்ளைகளுக்கும் இதையெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன். தாய் தகப்பனுக்கு இருந்தால் பிள்ளைகளுக்கு வாய்ப்பு மற்றவர்களை விட மூன்று மடங்களவு, என்றாலும் பெரும்பாலான பிள்ளைகளுக்கு வராது, ஆகவே பயந்து திரியத் தேவையில்லை. காலை விறைப்பு அரை மணித்தியாலத்துக்கு மேல் நின்றால், மூன்று மூட்டாவது வீங்கினால், விரல் மொழிகளைப் பக்கவாட்டில் சேர்த்து அழுத்தும்போது நொந்தால், எண்ணெய் பூசிக்கொண்டு இருக்காமல் போய்க் காட்ட வேண்டும், முதல் ஆறு கிழமைக்குள் என்றால் நல்லது. பிள்ளை பெற்ற உடம்பு என்று மகளை யாரும் திருப்பி அனுப்ப விடக்கூடாது. மகன் சுருட்டோ சிகரெட்டோ தொடக்கூடாது, வருத்தம் என்றால் வருத்தம் என்று சொல்ல வேண்டும். அண்ணாவின் மூத்தவன் போன மாதம் அன்ரி-சிசிபி எடுக்க வேண்டுமா என்று கேட்டான். மூட்டில் ஒன்றும் இல்லாதபோது தேவையில்லை, புகைப்பதை விடு என்று கிளினிக்கில் சொன்னார்கள்.